எந்த ரேசர் வாங்கலாம், சார்?



ஒரு திங்கட்கிழமை காலை. சபைகூடல் முடிந்து நான்காம் படிவ மாணவர்கள் அறிவியல் கூடத்துக்குள் வந்தார்கள். அவர்களில் ஒருவனின் முகவாயில் மூன்று இடங்களில் டிஷு காகிதத் துண்டுகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சிவப்புப் புள்ளி. நண்பர்கள் சிரிக்க, அவன் தலையைக் குனிந்தபடி கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான்.

மெல்ல விசாரித்தேன். மீசையோடு வந்தால் கட்டொழுங்கு ஆசிரியர் பெயர் எழுதிக்கொள்வார் என்ற பயத்தில், பள்ளிப் பேருந்து வருவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அண்ணனின் ரேசரை எடுத்திருக்கிறான்.

"முகத்தை நனைத்தாயா?"

"நேரமில்லை சார்."

"அந்த பிளேடை அண்ணன் எத்தனை நாளாகப் பயன்படுத்துகிறார்?"

"தெரியாது சார்."

காய்ந்த முகம், மழுங்கிய பிளேடு, அடுத்தவர் ரேசர். ஒரே காலையில் மூன்று தவறுகள். முதல் இரண்டும் முகத்தைக் கீறியதோடு போயிற்று. மூன்றாவது தவறு அப்படிப்பட்டதல்ல. அதைப் பற்றிக் கட்டுரையின் முடிவில் சொல்கிறேன்.

வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு அவன் என்னிடம் வந்தான். "எந்த ரேசர் வாங்கலாம், சார்?" என்று கேட்டான்.

ஒரு பிராண்டின் பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் பெயர் தெரிந்தால் மட்டும் முகம் தப்பாது. ரேசர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவன் எந்தக் கடையிலும் சரியானதைத் தேர்ந்தெடுப்பான். அன்று அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் சொல்லப்போவது இரண்டு பக்கமும் கூருள்ள பிளேடைப் பொருத்தும் பழைய வகை சேஃப்டி ரேசரைப் பற்றி. உங்கள் தாத்தாவின் குளியலறையில் பார்த்திருப்பீர்கள். மாணவிகளும் படியுங்கள். கை கால் முடியை மழிக்கும் ரேசருக்கும் இதே விதிகள்தாம்.

முதலில் முடியைப் புரிந்துகொள்வோம்

முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. நகமும் மாட்டின் கொம்பும் அதே வகைப் புரதம்தான். கெரட்டின் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் பிணைப்புகளில் இரண்டு வகை முக்கியமானவை. ஒன்று டைசல்ஃபைடு பிணைப்பு. இது வலுவானது, தண்ணீருக்கு அசையாது. மற்றொன்று ஹைட்ரஜன் பிணைப்பு. இது தண்ணீர் பட்டால் விட்டுக்கொடுக்கும். நீர் மூலக்கூறுகள் முடிக்குள் புகுந்து சங்கிலிகளுக்கு இடையே உட்கார்ந்துகொள்கின்றன. முடி உப்புகிறது, மென்மையாகிறது, வெட்டத் தேவைப்படும் விசையும் குறைகிறது.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். சீப்பில் சிக்கிய நீளமான முடி ஒன்றை எடுத்து இரு கைகளாலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். பிறகு அதே தலையின் இன்னொரு முடியை வெதுவெதுப்பான நீரில் மூன்று நிமிடம் ஊற வைத்து இழுங்கள். ஊறிய முடி அதிகம் நீளும். காற்றின் ஈரத்துக்கேற்ப முடி நீண்டு சுருங்குவதைக் கொண்டு 1783ஆம் ஆண்டிலேயே சுவிட்சர்லாந்து அறிஞர் சொசூர் காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் கருவி செய்தார். அதில் முள்ளை நகர்த்தியது மனிதத் தலைமுடிதான்.

ஆனால் முடி உடனே நீரைக் குடித்துவிடாது. அதன் மேல் தோலின் எண்ணெய் படிந்திருக்கும். சோப்பு அந்த எண்ணெயை அகற்றுகிறது. நுரை, நீர் ஆவியாகிப் போகாமல் முடியோடு ஒட்டி வைத்திருக்கிறது. ஆகவே இரண்டு மூன்று நிமிடம் முகம் ஈரமாக இருப்பது ஆடம்பரமல்ல. நல்ல ரேசர் செய்யும் வேலையில் பாதியை அந்த மூன்று நிமிடம் செய்துவிடுகிறது. குளித்து முடித்தவுடன் சவரம் செய்வது எளிதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

கூர்மையும் அழுத்தமும்

அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுத்தால் கிடைப்பது. இந்தச் சூத்திரம் உங்களுக்குத் தெரியும். இப்போது ஒரு கணக்கு. சேஃப்டி ரேசர் ஒன்றின் எடை சுமார் 80 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அது தரும் விசை ஏறக்குறைய 0.8 நியூட்டன். பிளேடின் கூர்முனை 40 மில்லிமீட்டர் நீளம், 100 நானோமீட்டர் அகலம் என்று கொள்வோம். பரப்பளவு ஒரு சதுர மீட்டரில் 25 கோடியில் ஒரு பங்கு. வகுத்துப் பாருங்கள்: 20 கோடி பாஸ்கல்! வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 2,000 மடங்கு. கையால் சிறிதும் அழுத்தாமல், ரேசரின் எடை மட்டும் தரக்கூடிய அழுத்தம் இது.

"அப்படியென்றால் முகம் கிழிந்துவிடாதா?" என்று கேட்பீர்கள். முழு எடையும் கூர்முனையில் இறங்கினால் கிழியும்தான். மடக்குச் சவரக்கத்தியில் நடப்பது அதுவே. அதனால்தான் முடிதிருத்தும் கடையில் அனுபவசாலி ஒருவர் அதைக் கையாளுகிறார். சேஃப்டி ரேசரிலோ, பிளேடுக்கு முன்னால் ஒரு காப்புப் பட்டை இருக்கிறது, பின்னால் வளைந்த மேல்மூடி இருக்கிறது. எடையின் பெரும்பகுதியை இவை இரண்டும் தோலின் மேல் பரப்பித் தாங்கிக்கொள்கின்றன. கூர்முனைக்கு முடியை வெட்டும் வேலை மட்டும் மிஞ்சுகிறது. 'சேஃப்டி' என்ற சொல்லின் பொருள் இந்தப் பங்கீடுதான்.

ஒரு விற்பனையாளரின் கனவு

தடுப்பு வைத்த சவரக்கத்தியை முதலில் யோசித்தவர்களில் ஒருவர் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர் ழான் ழாக் பெர்ரே. கத்தியின் கூருக்குப் பக்கத்தில் மரத் தடுப்பு வைத்தார். 1880இல் நியூயார்க்கின் கேம்ப்ஃபே சகோதரர்கள் ஒரு ரேசருக்குக் காப்புரிமை பெற்றார்கள். அதிலும் தடுப்பு இருந்தது. ஆனால் அதன் தடித்த பிளேடைக் கழற்றித் தீட்டித் தீட்டித்தான் பயன்படுத்த வேண்டும்.

அமெரிக்காவில் பாட்டில் மூடி விற்கும் நிறுவனமொன்றில் விற்பனையாளராக இருந்தார் கிங் கேம்ப் ஜில்லெட். பயன்படுத்தியதும் தூக்கிப் போடும் பொருளாக இருந்தால் மக்கள் திரும்பத் திரும்ப வாங்குவார்கள் என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் ஊறியது. 1895இல் ஒருநாள் காலை, மழுங்கிய சவரக்கத்தியோடு கண்ணாடி முன் நின்றபோது, 'தீட்டவே வேண்டாத மெல்லிய பிளேடு செய்தால் என்ன?' என்று தோன்றியதாம்.

தோன்றியது சுலபம், செய்வது கடினம். தகடுபோல் மெல்லிய எஃகைக் கடினமாகவும் கூராகவும் ஆக்க முடியாது என்று வல்லுநர்கள் கைவிரித்தார்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் பல ஆண்டு முயன்று அதற்கு வழி கண்டார். 1903இல் ரேசர் விற்பனைக்கு வந்தது. அந்த ஆண்டு முழுவதும் விற்றவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளும்தான்! 1904இல் காப்புரிமை கிடைத்தது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்கு ரேசர் வழங்கப்பட்டது. போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் அந்தப் பழக்கத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

அந்த மெல்லிய பிளேடு எப்படி ஆடாமல் வெட்டுகிறது? ஒரு காகிதப் பட்டையின் ஒரு முனையைப் பிடித்துக் கிடையாக நீட்டுங்கள். தொங்கிவிடும். அதே பட்டையை நீளவாக்கில் குழியாக வளைத்து நீட்டுங்கள். விறைத்து நிற்கும். ரேசரின் மேல்மூடியை இறுக்கும்போது பிளேடு இதேபோல் வளைகிறது. சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிமனே உள்ள தகடு உறுதி பெறுவது அந்த வளைவால்தான்.

தேர்வின் ரகசியம்: ஒரு மில்லிமீட்டருக்குள்

இனி கடைக்குப் போவோம். அலமாரியில் பத்து ரேசர்கள் இருந்தாலும் வெளித்தோற்றம் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபாடு தலைப்பகுதியில், அதுவும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குள் ஒளிந்திருக்கிறது. இரண்டு அளவுகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, இடைவெளி. பிளேடின் கூர்முனைக்கும் காப்புப் பட்டைக்கும் இடையே உள்ள தூரம் இது. இடைவெளி கூடினால் அதிகத் தோல் அதற்குள் புடைத்து நுழைய முடியும்.

இரண்டாவது, துருத்தல். ரேசர் தலையின் பக்கவாட்டுத் தோற்றத்தைக் காகிதத்தில் வரையுங்கள். மேல்மூடியின் விளிம்பையும் காப்புப் பட்டையையும் தொடும்படி அடிக்கோலால் ஒரு கோடு போடுங்கள். தோல் ஏறக்குறைய அந்தக் கோட்டில்தான் இருக்கும். பிளேடின் முனை கோட்டைத் தாண்டி வெளியே வந்தால் அது முரட்டு ரேசர். கோட்டிலேயே நின்றால் நடுத்தரம். கோட்டுக்கு உள்ளே பதுங்கியிருந்தால் மென்மையான ரேசர்.

காப்புப் பட்டையிலும் இரண்டு வகை உண்டு. சீப்பின் பற்கள்போல் வெட்டு வெட்டாக இருப்பது திறந்த வகை. அது நீண்ட தாடியை நன்றாக விழுங்கும். நேரான பட்டையாக இருப்பது மூடிய வகை. பொதுவாகப் புதியவர்களுக்குச் சொல்லப்படுவது மூடிய வகைதான்.

இப்போது ஓர் எளிய சோதனை. பிளேடு வேண்டாம், அடிக்கோல் போதும். பிளாஸ்டிக் அடிக்கோலின் முனையில் தொங்கவிடுவதற்கென ஒரு துளை இருக்கும். அதை உங்கள் உள்ளங்கையின் சதைப்பற்றான இடத்தில் மெதுவாக வையுங்கள். துளையில் தோல் தட்டையாக இருக்கும். இப்போது அழுத்துங்கள். துளைக்குள் தோல் குமிழ்போல் புடைக்கிறதல்லவா? அந்தக் குமிழின் மேல் ஒரு கூர்முனை நகர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ரேசரை அழுத்தும் ஒவ்வொரு முறையும் இடைவெளிக்குள் இதுதான் நடக்கிறது. எவ்வளவு நல்ல ரேசரையும் முரட்டு ரேசராக மாற்றிவிடும் சக்தி உங்கள் கையில் இருக்கிறது.

ஆகவே அந்த மாணவனுக்கு நான் சொன்ன பதில் இது: உன் முதல் ரேசர், உன் தவறுகளை மன்னிக்கும் ரேசராக இருக்கட்டும். மூடிய பட்டை, குறுகிய இடைவெளி, பதுங்கிய பிளேடு. பளபளப்பு, விலை, நண்பன் வைத்திருப்பது என்பதெல்லாம் அடுத்தபடிதான்.

மூன்று துண்டா, பட்டாம்பூச்சியா?

அமைப்பு முறையில் ரேசர்கள் மூன்று வகை. மூன்று துண்டு ரேசரில் மேல்மூடி, அடித்தட்டு, கைப்பிடி என மூன்றும் தனித்தனியே கழலும். இரண்டு துண்டு ரேசரில் அடித்தட்டும் கைப்பிடியும் ஒன்றாக இருக்கும். மூன்றாவது வகையில் கைப்பிடியின் அடியைத் திருகினால் மேல்மூடி பட்டாம்பூச்சியின் சிறகுபோல் விரியும். பிளேடை உள்ளே போட்டுத் திரும்ப மூடலாம்.

பட்டாம்பூச்சி வகை பார்க்க அழகு. ஆனால் நகரும் உறுப்புகள் அதிகம். சோப்பும் முடியும் சேரும் மூலைகளும் அதிகம். மூன்று துண்டு வகையைக் கழற்றிக் குழாயடியில் காட்டினால் சுத்தமாகிவிடும், பழுதாக அதில் ஒன்றுமில்லை. முதல் ரேசருக்கு என் பரிந்துரை மூன்று துண்டுதான்.

உலோகத்தையும் கவனியுங்கள். விலை குறைந்த ரேசர்கள் பல, துத்தநாகத்தோடு அலுமினியம், மக்னீசியம், செம்பு சேர்த்த கலப்புலோகத்தில் வார்க்கப்பட்டு, மேலே குரோமியம் பூசப்பட்டவை. பூச்சு நன்றாக இருக்கும்வரை பல ஆண்டு உழைக்கும். கீழே விழுந்து பூச்சு பெயர்ந்தால், ஈரமான நம் ஊர்க் குளியலறையில் உள்ளே இருக்கும் துத்தநாகம் அரிக்கத் தொடங்கும். பித்தளை அதைவிட உறுதியானது. துருப்பிடிக்காத எஃகு எல்லாவற்றிலும் உறுதி, விலையும் அதிகம். மாணவனுக்குக் குரோமியம் பூசிய ரேசரே போதும். பயன்படுத்தியதும் உதறி, காற்றாட வைத்தால் சரி. வாங்கும்போது திருகு மரைகளை இரண்டு முறை திருகிப் பாருங்கள். சிக்காமல் நேராக இறங்க வேண்டும்.

கைப்பிடி நீளம், எடை இரண்டும் கையின் வசதியைப் பொறுத்தவை. ஈரக்கையில் வழுக்காதபடி சொரசொரப்பான வேலைப்பாடு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பிளேடு: கூரானதே பாதுகாப்பு

"கொஞ்சம் மழுங்கின பிளேடுன்னா வெட்டாதுல்ல சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நேர்மாறு. மழுங்கிய பிளேடு முடியை வெட்டாமல் இழுக்கும். இழுத்தால் நாம் அழுத்துவோம். அழுத்தினால் தோல் புடைக்கும். மீதி உங்களுக்குத் தெரியும்.

முடியைவிட எஃகு சுமார் 50 மடங்கு கடினமானது. பிறகு ஏன் பிளேடு மழுங்குகிறது? இதற்கு 2020இல்தான் தெளிவான விடை கிடைத்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் அதை வெளியிட்டார்கள். குழுவில் இருந்த ஆராய்ச்சி மாணவர் ரொஷியோலி தாமே சவரம் செய்துகொண்டு, ஒவ்வொரு முறையும் பிளேடை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். முனை தேய்ந்து உருண்டுபோகும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் அவர் கண்டது முனையில் ஆங்காங்கே சிறு சில்லுகள் பெயர்ந்திருந்ததை. எஃகின் உள்ளமைப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இல்லை. முடி சாய்வாக வளைந்து, எஃகின் பலவீனமான புள்ளி ஒன்றில் விளிம்பை ஒட்டி உரசும்போது அங்கே சில்லு பெயர்கிறது. ஒரு சில்லு பெயர்ந்த இடத்தில் அடுத்ததும் எளிதாகப் பெயரும்.

இன்றைய பிளேடுகள் பெரும்பாலும் குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகால் ஆனவை. வழுக்கிச் செல்வதற்காக முனையில் பாத்திரங்களில் பூசப்படும் டெஃப்லான் வகைப் பூச்சு மெல்லியதாக இருக்கும். அதனால் பிளேடைத் துணியால் துடைக்காதீர்கள். பூச்சும் போகும், விரலும் போகும். அலசி உதறினால் போதும். மூன்று முதல் ஐந்து சவரம்வரை ஒரு பிளேடு தாங்கும். இழுப்பதுபோல் தோன்றிய உடனே மாற்றுங்கள். ஒரு பிளேடின் விலை பெரும்பாலும் 1 ரிங்கிட்டுக்குள்தான், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பல பிளேடு கார்ட்ரிட்ஜ் ரேசர் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அதன் தலை தானாகவே கோணத்தைச் சரிசெய்துகொள்வதால் பழகுவது சுலபம். ஆனால் மாற்றுத் தலைகளின் விலை அதிகம். பிளாஸ்டிக்கும் உலோகமும் கலந்த குப்பையாகவும் அது மிஞ்சுகிறது. அதோடு, முதல் பிளேடு முடியைச் சற்று இழுத்துப் பிடிக்க, அடுத்தது வெட்டுகிறது. வெட்டுண்ட முடி தோலுக்குக் கீழே பின்வாங்கிவிடலாம். சுருள் முடி உள்ளவர்களுக்கு அது வளைந்து தோலுக்குள்ளேயே வளர்ந்து, வலியுள்ள கட்டிகளைத் தோற்றுவிக்கும். சவரத்துக்குப் பிறகு கழுத்தில் அடிக்கடி இப்படிக் கட்டிகள் வருகிறதென்றால் ஒற்றை பிளேடு உங்களுக்கு நல்ல தேர்வு.

முதல் நாள்: படிப்படியாக

அரும்பு மீசைக்கெல்லாம் அவசரம் வேண்டாம். தேவை வந்தபோது செய்யலாம். 'ஒருமுறை மழித்தால் முடி தடித்து வளரும்' என்ற பயமும் வேண்டாம். 1928இலேயே அமெரிக்க உடற்கூறியலாளர் மில்ட்ரெட் ட்ராட்டர் இதை அளந்து பார்த்துத் தவறென்று காட்டினார். இயற்கையான முடியின் நுனி கூம்பி இருக்கும். வெட்டிய முடியின் நுனி தட்டையாக இருக்கும். தடவும்போது தடிப்பாகத் தோன்றுவது அதனால்தான்.

முதல் முறை அப்பாவையோ மாமாவையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி நாளில் வேண்டாம், விடுமுறை நாளில் செய்யுங்கள்.

1. முதலில் பிளேடு போடாத ரேசரால் இரண்டு நாள் பழகுங்கள். கை கோணத்தைக் கற்றுக்கொள்ளும்.

2. பிளேடைக் கூர் இல்லாத இரு ஓரங்களில் மட்டும் பிடித்துப் பொருத்துங்கள். இறுக்கிய பின் இரு பக்கமும் சமமாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

3. முகத்தை வெதுவெதுப்பான நீரால் இரண்டு மூன்று நிமிடம் நனைத்து, நுரை பூசுங்கள்.

4. மேல்மூடியைக் கன்னத்தில் தட்டையாக வையுங்கள். கைப்பிடி முகத்திலிருந்து நேராக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிளேடு முடியைத் தொடும் மெல்லிய ஒலி கேட்கும்வரை கைப்பிடியை மெதுவாகக் கீழே சாயுங்கள். அதுதான் உங்கள் கோணம்.

5. முடி வளரும் திசையிலேயே, இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்குச் சிறு சிறு இழுப்புகளாகச் செய்யுங்கள். அழுத்த வேண்டாம். பக்கவாட்டில் நகர்த்தவே கூடாது.

6. முதல் நாள் கன்னத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். முகவாயும் மேலுதடும் வளைவானவை, அடுத்த முறைக்கு வையுங்கள். பரு, மச்சம் இருக்கும் இடங்களைத் தவிர்த்துவிடுங்கள். பரு அதிகமாக இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

7. குளிர்ந்த நீரால் கழுவுங்கள். சிறு கீறல் என்றால் ஈரமான படிகாரக் கட்டியை அந்த இடத்தில் வையுங்கள். முடிதிருத்தும் கடைகளில் பார்த்திருப்பீர்களே, அதே கட்டிதான். பொட்டாசியம் அலுமினியம் சல்ஃபேட் என்பது அதன் வேதியியல் பெயர். கலங்கிய நீரைத் தெளிய வைக்கும் படிகாரம், இங்கே புரதங்களைத் திரளச் செய்து இரத்தத்தை நிறுத்துகிறது. கட்டியைப் பிறரோடு பகிர வேண்டாம்.

அண்ணனின் ரேசர்

இப்போது நான் முன்பு சொன்ன மூன்றாவது தவறு. சவரம் செய்யும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் தோலில் விழுகின்றன. துளிகூடத் தெரியாத அளவு இரத்தம் பிளேடில் ஒட்டிக்கொள்கிறது. ஹெப்பாடைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. மலேசியாவில் 1989 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு அதற்கான தடுப்பூசி போடப்படுகிறது. அதனால் உங்களில் பெரும்பாலோருக்கு அந்தக் காப்பு இருக்கும். ஆனால் ஹெப்பாடைட்டிஸ் சி நோய்க்குத் தடுப்பூசியே இல்லை. இரண்டும் கல்லீரலைத் தாக்குபவை. பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கக்கூடியவை. அண்ணனுக்கே தெரியாமல் அவர் உடலில் இருக்கலாம். கழுவிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். ரேசர் பல் துலக்கும் பிரஷ் மாதிரி: ஒருவருக்கு ஒன்று. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் இதை இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். முடிதிருத்தும் கடையிலும் உங்கள் கண்முன் புது பிளேடு மாற்றச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. நல்ல கடைக்காரர்கள் கேட்காமலேயே மாற்றுவார்கள்.

பழைய பிளேடை என்ன செய்வது? ஒரு காலத்தில் அமெரிக்க வீடுகளில் குளியலறை மருந்துப் பெட்டியின் உட்புறத்தில் ஒரு சிறு பிளவு இருக்கும். பழைய பிளேடை அதில் போட்டால் சுவருக்குள் விழும், அவ்வளவுதான். இன்று அந்தப் பழைய வீடுகளைப் புதுப்பிக்கச் சுவரை உடைப்பவர்கள் துருப்பிடித்த பிளேடுக் குவியலைக் காண்கிறார்கள். நாம் அப்படித் தள்ளிவிட வேண்டாம். காலியான மைலோ டின்னின் மூடியில் மெல்லிய கீறல் போட்டு அதற்குள் போட்டு வாருங்கள். நிறைந்ததும் மூடியை டேப்பால் நன்றாக ஒட்டி, 'பிளேடு' என்று பெரிதாக எழுதி அப்புறப்படுத்துங்கள். வெறும் பிளேடைக் குப்பைப் பையில் போட்டால், அதைத் தூக்கும் தொழிலாளியின் கையைத்தான் அது முதலில் தொடும்.

கடைக்குப் போகும் முன்

இந்தப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள்:

• காப்புப் பட்டை நேராக, மூடியதாக இருக்கிறதா?
• பக்கவாட்டில் பார்க்கும்போது பிளேடு பதுங்கியிருக்கிறதா? கடைக்காரரிடம் 'மென்மையான ரேசர்' என்றே கேளுங்கள்.
• மூன்று துண்டாகக் கழல்கிறதா? திருகு நேராக இறங்குகிறதா?
• ஈரக்கையில் வழுக்காத பிடியா?
• ஒரு பெட்டி பிளேடு, ஒரு சவரச் சோப்பு, ஒரு படிகாரக் கட்டி வாங்கப் பணம் மிஞ்சுமா? மிஞ்சாது என்றால் இன்னும் மலிவான ரேசரைப் பாருங்கள்.

அந்த மாணவன் இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை மீண்டும் என் மேசைக்கு வந்தான். முகத்தில் காகிதத் துண்டு இல்லை. முகவாயின் ஓரத்தில் கொஞ்சம் முடி மழிக்காமல் மிஞ்சியிருந்தது.

"அந்த இடம் இன்னும் சரியா வரல சார்" என்றான்.

"பரவாயில்லை" என்றேன். "விட்டுப்போன முடியை நாளைக்கு எடுக்கலாம்."

உங்களுக்கும் அதையேதான் சொல்வேன். இன்று மாலை அந்த அடிக்கோலை எடுத்து, மெதுவாக வைத்தபோதும் அழுத்தியபோதும் துளைக்குள் தோல் எப்படி இருந்தது என்று இரண்டு படம் வரைந்து பாருங்கள். ரேசர் வாங்குவது அதற்குப் பிறகு.